பால் செம்பில் வந்த ஓரிதழ்த்தாமரை

இன்றைக்கும் யாராவது என் முன்னால் செடி, பூ, இயற்கை என்று உருகிப் பேசினால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அது அவர்கள் குற்றமில்லை. சுண்டுவிரல் நகத்தளவு பூவுக்காக ஒரு மாசி மாதம் முழுக்க நான் திருவனந்தபுரத்தில் பட்ட பாட்டை அவர்களும் பட்டிருந்தால் அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாக்கி, ஆபீஸ் பலகைகளில் எல்லாம் பெயர் மாற்றி எழுதி முடித்திருந்த காலம். கோட்டைக்குள் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் இருந்தோம். மாமா, அத்தை, என் வீட்டுக்காரர், நான், பிறகு அவருடைய தங்கை. அவருக்குக் கணக்கு ஆபீசில் வேலை. எனக்கும் அவருக்கும் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விவகாரத்தில் மற்ற எல்லாருக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. எனக்குத்தான் கடைசியாக வந்தது.

தங்கை பி.எஸ்ஸி.யில் தாவரவியல், கடைசி வருஷம். எங்கள் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள். மேலே படித்து அதே காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. வருஷத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"பாஸானா மேல படி, நான் தடுக்க மாட்டேன். தோத்தேண்ணு வையி, சுசீந்திரத்துக்காரனுக்கு சரீண்ணு சொல்லிருவேன். பொறவு அழப்பிடாது."

சுசீந்திரத்துக்காரன் என்பது ஒரு நல்ல வரன். நெல்லும் தோப்பும் உள்ள இடம். அவன்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அவள் அவன் பெயரைக் கேட்டாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

காலேஜில் செடிகளையும் மனுஷரைப் போலக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு செடி. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்த முழுச் செடியாகப் பிடுங்கி, காகிதத்துக்கு நடுவில் அமுக்கி உலர்த்தி, பெரிய வெள்ளைத் தாளில் ஒட்டி, எங்கே எப்படிப்பட்ட மண்ணில் கிடைத்தது என்று கீழே எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாத் தாளும் இருந்தால்தான் செய்முறைப் பரீட்சைக்குள் விடுவார்கள். அவள் எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அது வயலட் குடும்பம்.

"வயலட்டுண்ணா ஊதாப்பூ மைனி. குளிர் மலையில வரும். பொன்முடியில புல் சரிவுல, எப்பவும் ஈரமா இருக்க இடத்துல, பாறை நெழல்ல ஒளிஞ்சு கெடக்கும்" என்றாள் என்னிடம்.

அவளோடு படித்த ஒரு பெண்ணின் மாமன் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் மானேஜர். ஜீப்பில் போய், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஊதாப்பூவைப் பறித்து வந்துவிட்டாள். எங்களுக்கு ஜீப் வைத்த மாமன் இல்லை. பஸ்ஸில் போகலாம் என்றால் மாமா, "ஒரு பூவப் பறிக்க ரெண்டு பொம்பளைய மலையேறணுமா?" என்று கேட்டு அதோடு முடித்துவிட்டார். தங்கை போய் அவளுடைய வாத்தியாரிடம் நின்றாள். அவர் சொன்னாராம்: அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று நம்முடைய மணலிலும் இருக்கிறது, மலைக்குப் போக வேண்டாம், ஓரிதழ்த்தாமரையைக் கொண்டு வா.

எனக்கு உயிர் வந்தது. ஓரிதழ்த்தாமரையா! அது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே என்று நினைத்து, மறுநாள் காலையிலேயே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஓரிதழ்த்தாமரை பச்சையாக் கிடைக்குமா?"

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் தெருமுனைவரை கேட்கும்.

"வீட்டுல அவுகளுக்காம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஓரிதழ்த்தாமரை எதற்கு என்று தெரியாதவர்கள் கிடையாது. ஆண்களுக்குத் தாது பலப்படக் கொடுப்பது. பிள்ளை இல்லாத வீட்டுப் பெண் வந்து அதைக் கேட்டால், அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் சொல்லத் தேவையில்லை.

"ஐயோ, இல்ல அண்ணாச்சி. இது காலேஜுக்கு."

"ஆமா ஆமா. அப்படித்தான் சொல்லணும்."

"நெசமாவே காலேஜுக்குத்தான். நாத்தனார் படிக்கா. வேரோட, பூவோட, காயோட முழுச்செடியா வேணும்."

"வேரோடயா?" அண்ணாச்சி முகத்தில் உண்மையான கவலை வந்துவிட்டது. "அவ்வளவுக்கு முத்திப் போச்சா?"

பொடி ஒரு பொட்டலம் கட்டி என் கையில் திணித்தார். ஒரு மண்டலம் பாலில் கொடுக்க வேண்டும், பனங்கற்கண்டுதான் போட வேண்டும், புளியைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "கத்திரிக்காயும் ஆகாது" என்று தன் பங்குக்குச் சேர்த்தார். பூவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் சேதி நடந்து போகாது. தயிர்க்காரி தலையில் ஏறிப் போகும். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டு அம்மச்சி வாசலில் நிற்கிறார். மலையாளத்துக்காரர், எங்களோடு பழகிப் பழகி அவர் பேசுவது இரண்டுக்கும் நடுவில் ஒரு பாஷை. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"மோளே, நாணிக்கண்டா, கேட்டோ. வெட்கப்பட என்ன இருக்கு? எங்க வீட்டிலயும் இது தன்னே கொடுத்தது. பின்னே அஞ்செண்ணம்!" என்று ஐந்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஓரிதழ்த்தாமரைதான். இலையை மட்டும் உருவி, கழுவி, ஈரம் போகத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். வேர் இல்லை, தண்டு இல்லை, பூ இல்லை. அந்த மாதம் எனக்கு வந்த உதவி எல்லாம் இந்த மாதிரிதான். தயிர்க்காரி சாறு பிழிந்தே கொண்டு வந்தாள். கோவிலில் பூக்கட்டும் அம்மாள் உருண்டையாக உருட்டிக் கொடுத்தாள். முழுச்செடி எங்கே நிற்கிறது என்று கேட்டால், நீ அலைய வேண்டாம், நாங்களே கொண்டு வருகிறோம் என்பார்கள். எல்லாருக்கும் நல்ல மனசு, அதுதான் பெரிய தொல்லை. கெட்ட மனசாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். ஒவ்வொருவரிடமும் நான் "காலேஜுக்கு, காலேஜுக்கு" என்று மூச்சு வாங்கச் சொல்வேன். ஒவ்வொருவரும் தலையை ஆட்டி, "அதே, அப்படித்தான் சொல்லணும்" என்பார்கள். நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ, அவ்வளவுக்கு நான் மானமுள்ள பெண் என்று எனக்குப் பேர் ஆயிற்று.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகக் குடையைச் சுவரில் சாத்தாமல் எறிந்தார்.

"பக்கத்து நாற்காலிக்காரன் எங்கிட்ட என்ன சொன்னாம் தெரியுமா? 'நீ சாயங்காலம் சீக்கிரமா வீட்டுக்குப் போ, உனக்க வேலைய நான் பாத்துக்கிடுகேன்'ங்கான். கண்ணுல தண்ணி நிக்கி அவனுக்கு!"

நான் சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்கு ஓடினேன். அவர் தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டீ, உங்க காலேஜுக்கு வேற செடியே கெடைக்கலியா? முருங்கை இல்லியா, வாழை இல்லியா?"

"அதெல்லாம் ஒட்டிக் குடுத்தாச்சு அண்ணே. இது ஒண்ணுதான் பாக்கி. இது இல்லேண்ணா பரீச்சைக்கு விடமாட்டா."

"இனி இந்த வீட்ல அந்தச் சவத்துக்க பேர ஒருத்தரும் எடுக்கப்பிடாது. நான் அந்தச் செடிய கண்ணாலயும் பாக்க மாட்டேன்."

சொன்னதோடு நில்லாமல் அன்றைக்கு ரசத்தில் புளி குறைவாக இருக்கிறது என்று என்னைச் சந்தேகமாக வேறு பார்த்தார்.

செடியைக் கடைசியில் நானே கண்டேன். என் தம்பியைத் திருநெல்வேலி வண்டி ஏற்றிவிடத் தம்பானூருக்குப் போயிருந்தேன். வண்டி போன பிறகு வேலியோரமாகத் திரும்பி வரும்போது, தண்டவாளத்துச் சரிவில், கரித்தூளும் சரளைக்கல்லும் கலந்த காய்ந்த தரையில் ஏதோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். சாண் உயரச் செடி. ஒல்லி ஒல்லியாக இலை. ஒரே ஓர் இதழ் மட்டும் நாக்கை நீட்டிய மாதிரி முன்னால் தொங்குகிறது. மற்ற இதழ்கள் இருக்கிறதா என்று தேட வேண்டும். கீழே மிளகு அளவில் காய்கள். சில காய் மூன்றாகப் பிளந்து மஞ்சள் விதை தெரிந்தது.

பொன்முடி ஊதாப்பூ ஈரமும் நிழலும் கேட்டு மலையில் ஒளிந்துகொள்கிறது. அதன் சொந்தக்காரியான இவளுக்கு எதுவும் வேண்டாம். வெயில் வேண்டும், புல் உயராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாடு மேய்ந்து புல்லைக் கட்டையாக்கிய இடத்தில்தான் இவள் இருந்தாள். புல் இடுப்பளவு நின்ற இடத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை தங்கையையும் கூட்டிப் போய், அடுப்பங்கரைக் கத்தியால் சுற்றிலும் கிண்டி, வேர் அறாமல் ஒரு செடி எடுத்தோம். பூ ஒன்று, மொட்டு இரண்டு, காய் நாலு. அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து மண்ணின் நிறம், பக்கத்தில் நின்ற நெருஞ்சி, கோரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அந்த மாதத்தில் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் இதழைத் தடவித் தடவி விரித்து வைத்து, இரும்புப் பெட்டிக்கு மேல் அடுக்கி, பாரத்துக்கு அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். இன்னும் மூன்று நாளில் வாத்தியாரிடம் தாளைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை என் வீட்டுக்காரர் பால் குடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாலா, கசாயமா? ஒரு மண் வாசனை அடிக்கி."

"ஒரே மடக்கா குடி மக்கா" என்றார் அத்தை, பக்கத்தில் நின்றுகொண்டே.

அவர் குடித்தார். அதே நேரம் உள் அறையில் தங்கை தாளை மாற்றப் போனவள், "மைனீ" என்று ஒரு சத்தம் போட்டாள். ஓடினேன். செய்தித்தாள் மடிப்பு விரிந்து கிடக்கிறது. அதற்குள் செடியில்லை. ஓர் இலையின் கறை மட்டும் எழுத்துகளுக்கு மேலே பச்சையாகப் பதிந்திருந்தது. குழவி அம்மி மேலேயே இருந்தது.

"அத்தை, இதுக்குள்ள இருந்த செடி எங்க?"

அத்தைக்கு முகமெல்லாம் பெருமை. "துவையலுக்குக் கொழவியத் தேடுனேன். பாத்தா, கீழ மருந்து! வெயில் காட்டாம, காத்துப் படாம, நெழல்ல எவ்வளவு பக்குவமா ஒணத்தி வச்சிருக்கே! வெக்கப்பட்டுத்தான ஒளிச்சு வச்சிருக்கே. நீயா அவனுக்குக் குடுக்கதுக்குள்ள மாசி போயிரும். அதான் நானே உரல்ல இடிச்சு, துணியில சலிச்சு, பால்ல கலக்கிட்டேன்."

"அத்தை, அது காலேஜுக்கு!"

"ஆமா மக்கா" என்றார் அத்தை, என் கன்னத்தைத் தொட்டு. "அப்படித்தான் சொல்லணும்."

யாரிடம் கோபப்படுவது? நிழலில் காயவைத்துப் பொடிப்பதுதான் மருந்துக்கும் முறை. காலேஜ் சொன்னபடி நாங்கள் செய்ததும், மருந்துக்காக யாரும் செய்வதும் பாதி தூரம் ஒன்றாகவே வந்திருக்கிறது. மீதிப் பாதியைத்தான் அத்தை முடித்துக் கொடுத்துவிட்டார்.

தங்கை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெட்டிமேல் உட்கார்ந்து, வெறும் தாளைப் பார்த்தபடி, "என் படிப்ப அண்ணன் குடிச்சிட்டான் மைனி" என்றாள். அன்றைக்கு அவளுக்கு வேதியியல் செய்முறைப் பரீட்சை. காலையிலேயே போயாக வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். மாமா முற்றத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது சுசீந்திரம் வரைக்கும் கேட்கிற மாதிரி இருந்தது.

நான் என் வீட்டுக்காரரிடம் போனேன். காலி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றார்.

"வேரையுமா?" என்றார்.

"காயோட."

"எனக்கு என்ன தெரியும்? அம்மை குடுத்தா, குடிச்சேன்."

அதுவரை ஒரு மாதமாக நான் அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வந்துவிட்டது. சாலைக் கடை, அம்மச்சியின் ஐந்து விரல், தயிர்க்காரியின் சாறு, புளி குறைந்த ரசம், எல்லாம். "நீங்கதான குடிச்சிய? நீங்களே வந்து எடுத்துத் தாங்க. ஆபீசு ஒரு நாள் காத்திருக்கும். அதுக்குத்தான் பக்கத்து நாற்காலிக்காரன் இருக்கானே!"

அவர் குடையை எடுத்தார். நான் கத்தியையும் ஒரு பித்தளைச் செம்பையும் எடுத்துக்கொண்டேன். பால் வாங்குகிற செம்பு, கைக்கு அதுதான் கிடைத்தது.

தம்பானூர்ச் சரிவுக்குப் போனோம். காய்ந்த புல்லுக்கு ரயில்வேக்காரர்கள் முந்தின நாள் தீ வைத்திருக்கிறார்கள். நாங்கள் செடி எடுத்த இடம் முழுக்கக் கறுப்பு. சாம்பல் காற்றில் எழும்பி அவருடைய வெள்ளை வேட்டியில் ஒட்டியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர்தான் கறுத்த தரையை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"இஞ்ச வா. இதுவா பாரு."

வண்டிக்கு நேரமானவர்கள் வாசலைச் சுற்றிப் போகாமல் வேலி இடுக்கில் நுழைந்து குறுக்கே நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருந்தது. அந்தத் தடத்தின் இரண்டு பக்கமும் புல் மிதிபட்டுத் தரையோடு கிடந்தது. எரிய ஒன்றுமில்லாததால் தீ அங்கே வந்து நின்றுவிட்டது. அந்த ஒரு முழ அகலத்தில், ஆட்களின் கால் படுகிற இடத்தில், நாலைந்து ஓரிதழ்த்தாமரை பூத்து நின்றன. தொட்டியில் உரம் போட்டு வைத்தால் உயிர்விட்டுவிடும் என்று அம்மச்சி சொல்லியிருந்தார். மிதிக்க வேண்டுமாம் அதற்கு!

சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே குத்த வைத்துத் தோண்டினார். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள். மண்ணோடு எடுத்துச் செம்புக்குள் நிறுத்தினோம். இதழ் நடுங்கியது, லேசாகத் தட்டினாலே உதிர்ந்துவிடும். பைக்குள் வைக்க முடியாது, மூடிக்கொண்டு போக முடியாது. நான் கை நீட்டினேன். "உனக்குக் கை ஆடும்" என்று அவரே செம்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். வெயில் ஏறிவிட்டிருந்தது. குடையை விரித்தார். குடை செடிக்கு, அவர் தலை வெயிலில்.

இப்படியே நாங்கள் பழவங்காடிக்கு வந்தோம். பிள்ளையார் கோவில் முன்னால் தேங்காய் உடைபடுகிறது, கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சாலைக் கடை அண்ணாச்சியும் தேங்காயும் கையுமாக நிற்பார் என்று யார் கண்டது?

"தம்பீ!" அவர் தாழ்த்தாத குரலில் கூப்பிட்டார். "வேரோட கெடச்சிட்டா?"

தேங்காய் உடைப்பதுகூட ஒரு கணம் நின்றது. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்தேன். என் வீட்டுக்காரர் நின்றார். அவர் வாயிலிருந்து 'காலேஜ்' என்ற சொல் வரப்போகிறது, 'அப்படித்தான் சொல்லணும்' என்று பழவங்காடியே பதில் சொல்லப்போகிறது என்று நினைத்தேன். அவர் செம்பைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

"கெடச்சிட்டு அண்ணாச்சி. வேரோட, காயோட. எனக்குத்தான். வேற யாருக்கு?"

அண்ணாச்சி "நல்லாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேங்காயை உடைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கோட்டை வாசல் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பாமலே, "இனி ஒருத்தன் கேக்க மாட்டான், பாரு" என்றார். அது உண்மையாயிற்று. நிஜத்தை ஒரு மாதம் சொன்னோம், விடவில்லை. பொய்யை ஒரு தடவை சொன்னார், விட்டுவிட்டார்கள்.

அமுக்கி உலர்த்த நாள் இல்லை. தங்கை காலேஜிலிருந்து வந்ததும், செய்தித்தாளுக்கு நடுவில் செடியை விரித்தாள். அண்ணன் தன் சட்டைக்கு வைத்திருந்த கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துணிக்குத் தேய்ப்பதைவிட மெதுவாகத் தாள்மேல் வைத்து வைத்து எடுத்தார். இதழின் ஓரம் கொஞ்சம் பழுப்பாயிற்று, ஆனால் உதிரவில்லை. அன்றைக்கு அத்தை பக்கத்தில் வராமல் இருக்க நானே அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து துவையல் அரைத்தேன்.

தாளைக் கொடுத்தாள், பரீட்சைக்குப் போனாள். அங்கே வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்து, "செடி வளரும் இடம்: ஆட்கள் நடந்து மிதித்த, வெயில் படும் தரை. நல்ல கவனிப்பு. மருத்துவப் பயன் என்ற இடத்தில் ஏன் ஒன்றும் எழுதவில்லை?" என்று கேட்டாராம்.

"அத எழுதினா அது காலேஜுக்குண்ணு நீங்களும் நம்ப மாட்டிய சார்" என்று சொல்ல வாய்வரை வந்ததாம். சொல்லவில்லை. பாஸானாள். மாமா சொன்ன சொல்லை மீறவில்லை. சுசீந்திரத்துக்காரருக்கு வேறு இடத்தில் நல்ல பெண் கிடைத்தாள்.

கொஞ்ச வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளைப் பார்க்க வந்த அம்மச்சி, "கண்டோ?" என்று என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் நீட்டினார். அதற்கும் அந்தச் செடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று உங்களிடமாவது அடித்துச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.